பிள்ளை போதைக்குப் பழகிவிட்டான் என்று தெரிந்ததும்: வீடா, ஓ.பி.யா, மையமா?

பள்ளிப் பையில் கஞ்சா சுருட்டும் ஓசிபி பேப்பரோ, பேண்ட் பாக்கெட்டில் மாத்திரை அட்டையோ கிடைத்த அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்குவதில்லை. விடிவதற்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். நாலு அறை விட்டால் சரியாகிவிடும் என்பார் அப்பா. தாத்தா ஊருக்கு அனுப்பிவிடலாம், அங்கிருந்தே படிக்கட்டும் என்பார் அம்மா. தெரிந்த மறுவாழ்வு மையம் ஒன்று இருக்கிறது, வண்டி வைத்து அவர்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மூன்று மாதத்தில் ஆளே மாறி வருவான் என்று மாமா போனில் சொல்வார். அரசு ஆஸ்பத்திரி என்ற பேச்சு மட்டும் அநேகமாக எழுவதே இல்லை.

இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதை எப்போது எடுப்பது என்று யோசிக்கத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது ஆகாத பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் படி மனநல மருத்துவரின் ஓ.பி.தான். மையத்தில் சேர்ப்பது மற்றதெல்லாம் பார்த்த பிறகு வர வேண்டியது. நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் மறைக்கிறோம், அப்புறம் அடிக்கிறோம், கை மீறியதும் நேராக மையத்துக்கு அனுப்புகிறோம். நடுவில் இருக்கும் படியைத் தாண்டிவிடுகிறோம்.

எதை எடுக்கிறான் என்று முதலில் தெரிய வேண்டும்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதற்கு விடை வேண்டும். கஞ்சாவுக்குச் சரியான முடிவு, தினசரிக் குடிக்கு உயிரையே பறிக்கலாம்.

கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சல் வரும், தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். இந்த நாட்களை வீட்டிலேயே கடக்கலாம். ஆனால் யாரோ என்னைப் பின்தொடர்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போயாக வேண்டும். நாள் கடத்தக் கூடாத விஷயம் அது.

தினமும் நிறையக் குடிக்கும் பிள்ளையை அறையில் பூட்டிவைத்து நிறுத்த வைப்பது ஆபத்து. நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உளறல், உடல் நடுக்கம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது என்று போய் உயிருக்கே கேடாக முடியலாம். நைட்ராசெபாம் மாதிரியான தூக்க மாத்திரைகளுக்குப் பழகியவர்களுக்கும் திடீரென்று நிறுத்தினால் இதே ஆபத்து உண்டு. இவர்களுக்கு நிறுத்துவதே மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

டேபென்டடால் போன்ற ஓபியம் வகை வலி மாத்திரைகளைப் போடுவதும், கரைத்து ஊசியாக ஏற்றுவதும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பரவியிருக்கிறது. நிறுத்தினால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பெல்லாம் நொறுங்குவது போன்ற வலி. அந்த அவஸ்தையில் உயிர் போவது அரிது. ஆபத்து பிறகு வருகிறது. சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து பழைய கணக்கில் ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பூத்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். திட்டுவதெல்லாம் அப்புறம். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளும் அவசியம்.

ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொலூஷன் ஆகியவற்றை முகர்வது சின்னப் பிள்ளைகளின் பழக்கம். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 1.17 சதவீதம் பேர் இப்படி முகர்பவர்கள். பெரியவர்களில் இது 0.58 சதவீதம். முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த நேரத்தில் ஏற்படும் அதிர்ச்சியில் இதயத் துடிப்பு தாறுமாறாகிச் சாவு நேர்வது உண்டு. மெதுவாகப் பக்கத்தில் போய், காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டி வாருங்கள்.

வாயில் அடக்கும் கூல் லிப், ஹான்ஸ் போன்ற புகையிலை மட்டும்தான் என்றால் அவசரம் இல்லை, அலட்சியமும் வேண்டாம்.

மெடிக்கலில் டெஸ்ட் கிட் வாங்கிச் சிறுநீரைச் சோதிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தினமும் கஞ்சா எடுத்த பிள்ளைக்கு நிறுத்தி மூன்று நான்கு வாரம் கழித்தும் இருக்கிறது என்று காட்டலாம். ஒயிட்னரை அது காட்டவே காட்டாது. சாதாரண ஓபியம் வகைப் பரிசோதனையில் டேபென்டடால் பெரும்பாலும் சிக்காது. நிறுத்திவிட்ட பிள்ளையைப் பொய்யன் என்றும், மாத்திரை போடும் பிள்ளையை யோக்கியன் என்றும் சொல்லக்கூடிய கருவியை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

ஒன்றிரண்டு தடவை கூட்டாளிகளோடு சேர்ந்து எடுத்துப் பார்த்திருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான், தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கிறது என்றால் வீட்டோடு ஆரம்பிக்கலாம். தனியாக உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்திருந்தால் விஷயம் வேறு. கூட்டத்தோடு எடுப்பதைவிட அது ஆழமான பழக்கத்தின் அடையாளம்.

வீட்டுவழியில் முதல் சிக்கல் பேச்சு. போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. மறுநாள், தெளிந்திருக்கும்போது, அப்பா அம்மாவில் யாரிடம் அவன் கொஞ்சமாவது மனம்விட்டுப் பேசுவானோ அவர் மட்டும் பேசட்டும். ‘எவன்டா குடுத்தான் உனக்கு?’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், கூட்டாளியைக் காப்பாற்றத்தான் பார்ப்பான். ‘உன் பாக்கெட்ல இத பார்த்தேன்ப்பா. பயமா இருக்கு. எத்தன நாளா இருக்கு, சொல்லு. இன்னைக்கு அடிக்க மாட்டேன், கத்த மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்துகொண்டால் பாதி உண்மையாவது வரும்.

யாருக்காவது பணம் தர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்கப் பெற்றோருக்குத் தோன்றுவதே இல்லை. பொட்டலத்தைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, கடனை அடைக்க நாலு பேருக்குக் கொண்டுபோய்க் கொடு என்று பிள்ளையையே விற்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவன் நிறுத்த நினைத்தாலும் அந்தக் கடன் விடாது.

பெற்றோர் நடந்துகொள்ளும் முறைக்கு உண்மையிலேயே வலு உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வில்லியம் மில்லர், ராபர்ட் மேயர்ஸ் குழுவினர் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளிகளின் வீட்டாரை மூன்று குழுவாகப் பிரித்து, மூன்று விதமாக வழிகாட்டினார்கள். வீட்டார் ஒன்றுகூடி எதிரே உட்கார வைத்துக் கேட்டுவிடும் வழியில் நூற்றுக்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டார் தங்கள் மனநிம்மதியை மட்டும் பார்த்துக்கொள்ளும் வழியில் 13 பேர். குடிக்காத நேரத்தில் அன்பாகவும் கூடவும் இருப்பது, குடித்த நேரத்தில் சண்டை போடாமல் விலகிவிடுவது, குடியால் வரும் கஷ்டத்தை அவரே சந்திக்கும்படி விடுவது, சரியான நேரம் பார்த்துச் சிகிச்சைக்கு அழைப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்த வழியில் 64 பேர். அது பெரியவர்களின் குடியைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் அடியையும் கெஞ்சலையும் மாறி மாறிப் பயன்படுத்தும் நம் வீடுகளுக்கு அதில் பாடம் இருக்கிறது. தெளிவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவனோடு சேர்ந்து கறி எடுக்கப் போங்கள், மேட்ச் பாருங்கள். போதையில் வந்த ராத்திரி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போய்விடுங்கள்.

அப்பா குடிப்பவராக இருந்தால் வீட்டுவழி அநேகமாகத் தோற்கும். ‘நீ மட்டும் குடிக்கலாமா?’ என்ற கேள்விக்கு எந்த அப்பாவிடமும் பதில் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு பேருக்குமே ஓ.பி. சீட்டு போட வேண்டும். அப்பா முதலில் உட்கார்ந்தால் பிள்ளை பின்னால் உட்காருவான்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று பொடி விற்கிறார்களே, அதைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி அது. டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருந்து, அது தெரியாமல் பிள்ளை குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடலாம். அந்த மருந்தை மருத்துவர்கள் நோயாளியிடம் எல்லாம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் தருகிறார்கள்.

ஊருக்கு அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. கூட்டாளிகளிடமிருந்து பிரிக்கிறது என்பது நிஜம். ஆனால் தாத்தா பாட்டியிடம் விஷயத்தைச் சொல்லாமல் அனுப்புகிறோம், அவர்களால் கண்காணிக்க முடியாது, புது ஊரிலும் ஒரு மாதத்தில் கடை தெரிந்துவிடும். சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் உதவும். சிகிச்சைக்குப் பதிலாகச் செய்தால் தள்ளிப்போடுவதுதான்.

அரசு மருத்துவமனை ஓ.பி.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. காசு கிடையாது.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். நான் கூட இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகனோடு வந்திருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் பர்சிலிருந்து கர்சீப்பில் சுற்றிய ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பத்தில் ஏழு ஓட்டையாகியிருந்தது. மருத்துவர் அட்டையைத் திருப்பி, பின்பக்க அலுமினியத் தாளில் மிச்சமிருந்த எழுத்தைப் படித்தார். பிறகு அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையனிடம் கேட்ட முதல் கேள்வி, ‘ஒரு நாளைக்கு எத்தன தம்பி?’ அடுத்தது, ‘முழுங்குறியா, ஊசியா?’ கோபமோ ஆச்சரியமோ இல்லாமல், காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற குரலில் கேட்டார். பையன் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். வார்டில் சேர்ப்பதா, வாரம் ஒரு தடவை வந்து போவதா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாயிற்று. அந்த அட்டையைக் குப்பையில் போடாமல் கொண்டுவந்தது அந்த அம்மா செய்த பெரிய காரியம்.

மற்ற வழிகளைவிட ஓ.பி.க்கு ஒரு பெரிய அனுகூலம், பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நோய் கண்ணில் படுவது. மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., சின்ன வயதில் யாராலோ நேர்ந்த பாலியல் சீண்டல் என்று எதையாவது மறக்கத்தான் பல பிள்ளைகள் இதைத் தொடுகிறார்கள். அதைப் பார்க்காமல் போதையை மட்டும் நிறுத்தினால் மறுபடி அங்கேயே போய் நிற்பார்கள். கஞ்சாவுக்கு இன்னமும் மருந்து என்று தனியாக இல்லை, பேச்சுவழிச் சிகிச்சைதான். மாத்திரைக்கும் குடிக்கும் மருந்து உண்டு. இந்த வித்தியாசங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில் பிள்ளை இருக்க வேண்டும்.

இன்னொரு அனுகூலம் படிப்பு. பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கும் பெற்றோர் ஏராளம். ஓ.பி.க்கு வாரத்தில் ஒரு காலை லீவு போதும். காத்திருந்தால் பரீட்சையும் போகும், பிள்ளையும் இன்னும் ஆழத்துக்குப் போயிருப்பான்.

குறைகளும் உண்டு. கூட்டம் அதிகம், பாதி நாள் காத்திருக்க நேரிடும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மருத்துவர் பார்க்கலாம். கவுன்சலிங்குக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம், பெண் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு. பெண் பிள்ளைகளின் பழக்கத்தை வீடுகள் கல்யாணப் பேச்சை நினைத்துக் கடைசிவரை மூடி வைப்பதால், அவர்கள் வந்து சேரும்போது நோய் முற்றியிருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமை. அந்தச் சீட்டு பள்ளிக்கோ போலீசுக்கோ போகாது. வசதி இருந்தால் தனியார் மனநல மருத்துவரிடம் போகலாம். நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சிகிச்சை அதேதான். ஆனால் கவுன்சலரிடம் மட்டும் போய் நிற்காதீர்கள், முதலில் ஒரு மனநல மருத்துவர் பார்க்கட்டும்.

மறுவாழ்வு மையம்

மையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓ.பி.க்கு உண்மையாக வந்தும் திரும்பத் திரும்ப வழுக்குகிறவன், தினமும் ஊசி போடுகிறவன், வீட்டிலோ தெருவிலோ போதை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவன், இவர்களுக்குத் தங்கிப் பெறும் சிகிச்சை தேவைப்படலாம். தற்கொலைக்கு முயன்ற பிள்ளைக்கோ வலிப்பு வந்த பிள்ளைக்கோ முதல் இடம் மருத்துவமனை வார்டு, மையம் பிறகு.

நல்ல மையம் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை. நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சை வகுப்பு என்பதை அங்கே முறையாகவே வைத்தார்கள். ஒரு மையம் குடும்பத்தை உள்ளே இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்பதை வைத்தே பாதியைக் கணித்துவிடலாம்.

பதினெட்டு வயது ஆகாதவரைச் சேர்ப்பதற்கு அதே 2017 சட்டத்தின் 87-ஆவது பிரிவு கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ, சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ பிள்ளையைத் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்க வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ முழு நாளும் கூடவே இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாள் தாண்டினால் மறுபடியும் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது 95-ஆவது பிரிவின்படி தடை.

இப்போது மாமா சொன்ன மையத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியில் நாலு பேர் வந்து தூக்கிப் போவது, முதல் ஒரு மாதம் பார்க்க வரக் கூடாது என்பது, நாற்பது வயதுக் குடிநோயாளிகளோடு ஒரே கூடத்தில் பாயை விரிப்பது, பழைய நோயாளிகளே புதியவர்களை அடித்துத் திருத்துவது. ஒவ்வொன்றும் சட்டத்துக்கு எதிரானது, பிள்ளைக்கும் எதிரானது. பதினாறு வயதுப் பையன் அங்கே கஞ்சாவோடு போய், ஊசி போடக் கற்றுக்கொண்டு திரும்பலாம். பழக்கம் கெட்ட சக வயதினரைக் குழுவாக வைத்துத் திருத்தப் பார்ப்பதே சில சமயம் பழக்கத்தை வளர்த்துவிடுகிறது என்று அமெரிக்காவில் தாமஸ் டிஷியனும் சக ஆய்வாளர்களும் 1999-இலேயே எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் நடுவில் விட்டால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் நேரில் போங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவரின் பெயரையும் எந்தெந்த நாள் வருவார் என்பதையும் கேளுங்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தையும் கழிவறையையும் பாருங்கள். ராத்திரி வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்குவீர்கள் என்று கேட்டு, பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்பது நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி. வலி மாத்திரைக்குப் பழகிய பிள்ளைக்கு உயிராபத்து அதிகம் இருப்பது வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்களைப் பற்றிப் பேசாத மையத்துக்குப் பிள்ளையை அனுப்புவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

போலீசுக்குப் போகலாமா? விற்றவனைப் பற்றிச் சொல்லத் தயங்க வேண்டாம். சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பயந்து திருந்தட்டும் என்று பிள்ளையைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் நிறுத்துவது மட்டும் வேண்டாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டமே 64ஏ பிரிவில், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு ஆளான பழக்க அடிமை, அரசின் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

பிள்ளை வரவே மாட்டேன் என்கிறான், என்ன செய்வது என்று கேட்பீர்கள். நீங்கள் மட்டும் போங்கள். அட்டை, பொட்டலம், பேப்பர் என்று கிடைத்ததைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதிலிருந்து தூக்கம் மாறியது, எடை குறைந்தது, பணம் காணாமல் போனது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு ஓ.பி.யில் உட்காருங்கள். பெற்றோர் மட்டும் வந்தாலும் மருத்துவர்கள் பேசி வழி சொல்வார்கள். அதுவும் இன்றைக்கு முடியாது என்றால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமனாஸ் எண் 14416. டெலிமனாஸில் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.